கறிக்கு விடை, கவலைக்கும் விடை!

'கார்னிவல்' என்ற வார்த்தை நம் காதுக்குப் புதிதல்ல. ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், வளையம் வீசி சோப்பு டப்பா ஜெயிப்பது, இதற்கெல்லாம் சேர்த்து நம் ஊரில் வைத்திருக்கும் பெயர்தான் கார்னிவல். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கட்டட நிதிக்காகப் பஜ்ஜிக் கடை போட்டால் அதற்கும் இதே பெயர்தான்!

ஆனால் கார்னிவல் என்பது உண்மையில் ஒரு பண்டிகை. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிற மாதிரி நாள் குறித்து, ஒரு பெரிய விரதத்துக்கு முன்னால் கொண்டாடப்படும் பண்டிகை. அது எங்கே பிறந்தது, எப்படிக் கடல் கடந்து நம் கோவா வரைக்கும் வந்தது, அதில் நம்மைப் போன்ற பெண்களுக்கு என்ன பங்கு என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் பேட்டைதான். சைதாப்பேட்டையில், சின்னமலை மாதா கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போர்ச்சுகீசியர்கள் 1551-ல் கட்டிய கோவில் அது. தை கடைசியிலோ மாசியிலோ ஒரு புதன்கிழமை எதிர்வீட்டு டீச்சரம்மா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருவார்கள். முந்தின வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலாம். அன்று முதல் ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. "அது சரிங்க டீச்சர், முந்தின நாள் என்ன விசேஷம்? உங்க வீட்டு வாசனை எங்க வீட்டு வரைக்கும் வருதே!" என்று ஒரு தடவை கேட்டேன். "நாளையிலேர்ந்து ஒண்ணும் கிடையாதே, அதான் இன்னிக்கே எல்லாத்தையும் தீர்த்துடறோம்" என்று சிரித்தார்கள். கார்னிவலின் மொத்தக் கதையும் அந்த ஒரு வரியில் அடக்கம்!

பெயர் வந்த விதம்

லத்தீன் மொழியில் 'கார்னே' என்றால் இறைச்சி. 'லெவாரே' என்றால் எடுத்துவிடுவது, நீக்குவது. இந்த இரண்டும் சேர்ந்து, இத்தாலியர் வாயில் புகுந்து புறப்பட்டு 'கார்னெவாலே' ஆயிற்று. 'வாலே' என்றால் லத்தீனில் 'போய் வா' என்றும் பொருள் உண்டு. ஆகவே 'கறியே, போய் வா!' என்று விடை கொடுப்பதுதான் கார்னிவல் என்று வேடிக்கையாகச் சொல்பவர்களும் உண்டு. மொழி அறிந்தவர்கள் முதல் விளக்கத்தைத்தான் ஏற்கிறார்கள். என்றாலும், இரண்டாவதுதான் கேட்க நன்றாயிருக்கிறது, இல்லையா?

பிரெஞ்சுக்காரர்கள் இதன் கடைசி நாளை 'மார்டி கிரா' என்கிறார்கள். 'கொழுப்புச் செவ்வாய்' என்று அர்த்தம். போர்ச்சுகீசியர் 'என்ட்ரூடு' என்பார்கள். விரத காலத்துக்குள் நுழைவது என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்த சொல் அது. அதுவே கோவாவின் கொங்கணியில் 'இன்ட்ரூஸ்' ஆகிவிட்டது.

நாள் கணக்கும் நமக்குப் பழக்கமான மாதிரிதான். மார்ச் 21-லோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதிலிருந்து பின்னோக்கி 46 நாள் எண்ணினால் சாம்பல் புதன். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளையும் கழித்துவிட்டால் 40 நாள் தவக்காலம். இயேசுநாதர் பாலைவனத்தில் நோன்பிருந்த 40 நாட்களின் நினைவு அது. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்தான் கார்னிவலின் கடைசி நாள். நம் பண்டிகைகள் போலவே இதுவும் நிலவைப் பார்த்து நகர்கிற பண்டிகை. ஒரு வருஷம் பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்துவிடும், ஒரு வருஷம் மார்ச் 9 வரைக்கும் தள்ளிப் போகும்.

பிறந்த இடம் சமையற்கட்டு

இந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்கு விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் தவக்காலம் என்றால் கறி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எல்லாமே விலக்கு. யோசித்துப் பாருங்கள். வீட்டில் வெண்ணெய் இருக்கிறது. கோழி முட்டையிட்டு வைத்திருக்கிறது. குளிர்காலத்துக்காக உப்புப் போட்டு வைத்த கறியில் கொஞ்சம் மிச்சம். ஐஸ்பெட்டியா இருந்தது அப்போது? ஒன்றரை மாதம் வைத்தால் எல்லாம் வீணாகிவிடும். வீட்டுக்காரி என்ன செய்வாள்? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஏதாவது பலகாரம் செய்து தீர்ப்பாள்.

இங்கிலாந்தில் அது மெல்லிய முட்டை அப்பம் ஆயிற்று. 'பேன்கேக்' என்பார்களே, அதுதான். போலந்தில் கொழுப்பில் பொரித்து உள்ளே ஜாம் வைத்த உருண்டை. ருஷ்யாவில் ஒரு வாரமே கொண்டாட்டம், அதற்குப் பெயரே 'வெண்ணெய் வாரம்'. அவர்கள் மெல்லிசாக தோசை மாதிரி ஒன்றை வார்த்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். நம் பக்கத்து கேரளத்தில் சிரியன் கிறிஸ்துவர்கள் பெரிய நோன்புக்கு முந்தின நாளைப் 'பேத்ருத்தா' என்கிறார்கள். சிரியாக் மொழியில் 'திரும்பிப் பார்ப்பது' என்று பொருளாம். அன்றைக்குக் கறிச் சாப்பாடு தடபுடல். மறுநாளிலிருந்து நோன்பு.

இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1445-ஆம் வருஷம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண்மணி அடுப்படியில் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. பாவமன்னிப்புப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று கையில் வாணலியோடும் இடுப்பில் கட்டிய துணியோடும் அப்படியே ஓடினாளாம்! அந்த ஞாபகத்தில் அங்கே பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் வாணலி ஓட்டப் பந்தயம் இன்றும் நடக்கிறது. கையில் வாணலி, வாணலியில் அப்பம். ஓடும்போது அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். வேலையை முடிக்காமல் வெளியே கிளம்ப முடியாமல் தவித்த அந்த அம்மாளை நினைத்தால், சிரிப்போடு கூட நமக்குக் கொஞ்சம் சொந்தமும் தோன்றுகிறது.

வேஷம் ஏன்?

சாப்பாடு சரி. ஆட்டம் பாட்டமும் வேஷமும் எப்படி வந்தன? விரதத்தில் கல்யாணம், விருந்து, கூத்து எல்லாமே கிடையாது. ஆகவே அவற்றையும் முந்தியே தீர்த்துக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரோமாபுரியில் டிசம்பர் மாதம் சாட்டர்னேலியா என்று ஒரு விழா. அன்றைக்கு எஜமானர்கள் அடிமைகளுக்கு விருந்து வைப்பார்கள், மேல் கீழ் என்பதெல்லாம் தலைகீழாகும். அந்த விழாவே கார்னிவலாக மாறிவிட்டது என்று சாதிப்பதற்கில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு தடவையாவது உலகம் தலைகீழாக நிற்கட்டும் என்ற ஆசை மனுஷனுக்கு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

இத்தாலியில் வெனிஸ் நகரம் இதற்குப் பேர் போனது. 1296-ல் அங்கத்திய ஆட்சி மன்றம் தவக்காலத்துக்கு முந்தின நாளை விடுமுறையாக அறிவித்தது. முகமூடி போட்டுக்கொண்டால் பிரபு யார், பணியாள் யார் என்று தெரியாது. பேசப் பயந்தவன் பேசலாம். வெளியே வரப் பயந்த பெண்ணும் வரலாம். 1797-ல் நெப்போலியன் வெனிஸைப் பிடித்ததோடு அந்தப் பெரிய கொண்டாட்டம் அடங்கிப் போய், 1979-லிருந்துதான் மறுபடி எழுந்தது.

நம் பக்கத்திலும் இதன் சாயல் இல்லாமலில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் பாருங்கள். காளி, குறவன், ராஜா, போலீஸ் என்று வேஷம் கட்டி, வசதியுள்ளவர்கள் கூட வீடு வீடாகப் போய்க் கையேந்திக் காணிக்கை வாங்குகிறார்கள். பணக்காரன் பிச்சை எடுக்கிறான், ஏழை கிரீடம் வைத்துக்கொள்கிறான். மதம் வேறு, மாதம் வேறு. மனசு ஒன்றுதான்.

கப்பலேறிய கார்னிவல்

போர்ச்சுகீசியரும் பிரெஞ்சுக்காரரும் போன இடமெல்லாம் கார்னிவலும் கூடவே போயிற்று. ஆனால் கொண்டுபோனவர்கள் கையில் அது நிற்கவில்லை. அவர்களிடம் அடிமைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அதற்கு உயிரே வந்தது.

பிரேஸில் நாட்டில் முதலில் 'என்ட்ரூடு' என்றால் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர், மாவு வீசி விளையாடுவது. நம் ஹோலி மாதிரி. மெழுகில் எலுமிச்சம்பழம் போல உருட்டி, உள்ளே வாசனைத் தண்ணீர் ஊற்றி, அதை எறிவார்கள். வீட்டுப் பெண்களும் அடிமைப் பெண்களும் நாள் கணக்கில் உட்கார்ந்து அந்த மெழுகுப் பழங்களைச் செய்வார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது அநாகரிகம் என்று அரசாங்கம் பல தடவை தடை போட்டது.

அந்த இடத்தில்தான் சம்பா ஆட்டம் வளர்ந்தது. ரியோ நகரத்தில் சியாட்டா அத்தை என்று ஒரு பெண்மணி. பிரேஸிலின் வடகிழக்கே பாஹியாவிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினப் பெண். தெருவில் பலகாரம் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். சம்பா ஆடினாலே போலீஸ் தொல்லை கொடுத்த காலத்தில், பாட்டுக்காரர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சோறும் போட்டார். 1916-ல் பதிவான முதல் புகழ்பெற்ற சம்பாப் பாட்டு அவர் வீட்டுக் கூட்டத்தில் உருவானதுதான். 1924-ல் காலமாகிவிட்டார். ரியோவில் சம்பா ஊர்வலத்துக்கென்றே 1984-ல் கட்டிய பெரிய அரங்கத்தில் இன்று ஒவ்வொரு சம்பாக் குழுவும் ஒரு பிரிவு கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அகலப் பாவாடை கட்டிய வயசான அம்மாக்கள் சுழன்று சுழன்று வருவார்கள். பலகாரம் விற்ற அந்த பாஹியாப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை அது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்தது டிரினிடாட் தீவு. அங்கே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் முகமூடி விருந்து நடத்தினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-ல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் நள்ளிரவிலும் சாட்டையடியோடு ஓட்டிச் செல்லப்பட்ட பழைய கொடுமையை, கையில் தீப்பந்தத்தோடு நடித்துக் காட்டினார்கள். அதற்குக் 'கான்பூலே' என்று பெயர். 1881-ல் ஆங்கிலேயப் போலீஸ் அதை நிறுத்தப் பார்த்தது. பெரும் மோதல், இரண்டு பக்கமும் பலருக்குக் காயம். பிறகு பறை கொட்டவே தடை விதித்தார்கள். ஜனங்கள் விட்டார்களா? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930, 40-களில் தகர டப்பாவையும் எண்ணெய் பீப்பாயையும் தட்டித் தட்டி ஸ்வரம் வரவழைத்தார்கள். இன்று அந்த இரும்பு வாத்தியம்தான் டிரினிடாட்டின் பெருமை.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. கல்யாண வீட்டில் பெண்கள் மட்டும் கூடிப் பாடிய கேலிப் பாட்டுகள் அவர்கள் கூடவே போயின. 1987-ல் துருபத்தி ராம்கூனாய் என்ற இந்திய வம்சத்துப் பெண், அந்த மெட்டையும் கார்னிவல் இசையையும் கலந்து மேடையேறிப் பாடினார். அந்தப் பாட்டிலிருந்துதான் 'சட்னி சோகா' என்ற பெயரே பரவிற்று. நம் திரௌபதியின் பெயர்தான் அங்கே துருபத்தி ஆகியிருக்கிறது. "குடும்பப் பெண் கார்னிவல் மேடையில் பாடலாமா?" என்று நம்மவர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் பாட்டை நிறுத்தவில்லை. இன்று டிரினிடாட் கார்னிவலில் வேஷம் கட்டி ஆடுபவர்களில் பெண்கள்தான் அதிகம்.

கோவாவில் நான்கு நாட்கள்

இனி நம் தேசத்துக்கு வருவோம். என் நாத்தனார் குடும்பம் கோவாவில் வாஸ்கோவில் சில வருஷம் இருந்தது. "மன்னி, ஒரு தடவை இன்ட்ரூஸ் பார்க்க வாங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாசி மாதம் ரயிலேறிவிட்டோம்.

போர்ச்சுகீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்து 1961 டிசம்பர் வரைக்கும் 451 வருஷம் ஆண்டார்கள். அவர்களோடு வந்த இன்ட்ரூஸ், மாவும் சாயத் தண்ணீரும் வீசுகிற விளையாட்டாகவும், கிராமத்து நாடகமாகவும் நடந்து வந்தது. அவர்கள் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மங்கிப்போனதை, 1965-ல் டிமோத்தியோ ஃபெர்னாண்டஸ் என்ற கோவா இசைக் கலைஞர் ரியோ பாணியில் ஊர்வலமாக அமைத்தார். இன்று நாம் பார்க்கும் அலங்கார வண்டி ஊர்வலம் அப்படி வந்ததுதான்.

சனிக்கிழமை பணஜியில் தொடங்கி, ஞாயிறு மடகாவ், திங்கள் வாஸ்கோ, செவ்வாய் மாப்புசா என்று ஊர் ஊராகப் போகிறது ஊர்வலம். முதலில் ராஜா மோமோ வருகிறார். தொப்பையும் தொந்தியுமாகக் கிரீடம் வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்கள், குடியுங்கள், சந்தோஷமாக இருங்கள்!" என்று கட்டளை போடுகிறார். அந்த நாட்களுக்கு அவர்தான் ராஜாவாம். பின்னாலே வண்டி வண்டியாக அலங்காரம். அட்டையில் செய்த மீன்பிடிப் படகு, காற்றில் ஆடும் பெரிய தென்னை, தண்ணீரைச் சேமியுங்கள் என்ற வாசகம், நடுநடுவே கம்பெனி விளம்பரங்கள். பாண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது. செவ்வாய் இரவு பணஜியில் சிவப்பும் கறுப்பும் உடுத்தி ஆடும் நடனத்தோடு கதை முடிகிறது. மறுநாள் காலை எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு!

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை. அவர்கள் கறிக்குழம்போடு 'சன்னா' என்று ஒன்று பரிமாறுகிறார்கள். அரிசி மாவில் கள் சேர்த்துப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைப்பது. பார்த்தால் நம் இட்லியேதான்! கொஞ்சம் இனிப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும்.

ஆனால் உண்மையான இன்ட்ரூஸ் கிராமத்தில்தான் என்று நாத்தனாரின் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். தென் கோவாவில் சால்சேட் பக்கத்துக் கிராமங்களில் 'கேள்' என்று தெருக்கூத்து நடக்கும். ஒரு குழு வாத்தியத்தோடு தெருத் தெருவாகப் போய், வாசலிலேயே சின்னச் சின்ன நாடகம் போடும். மிராசுதாரின் அதிகாரம், குடிகாரப் புருஷன், வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்து அலட்டுபவன், ஒருவரையும் விடுவதில்லை. முன்பெல்லாம் பெண் வேஷமும் ஆண்களே போட்டார்கள். மற்ற நாளில் வாயைத் திறக்க முடியாததை அன்றைக்குச் சொல்லலாம். கேட்பவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சாந்தோர் என்ற கிராமத்தில் இன்னும் ஓர் ஆச்சரியம். ஒரு காலத்தில் சந்திரபுரம் என்ற பெயரில் கதம்ப ராஜாக்களின் தலைநகராக இருந்த ஊர். அங்கே கார்னிவல் சமயத்தில் 'முசல் கேள்' ஆடுகிறார்கள். முசல் என்றால் உலக்கை! ஆண்கள் வேட்டி கட்டி, சலங்கை கட்டி, உலக்கையைத் தரையில் குத்தித் தாளம் போட்டு ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் கிறிஸ்துவர்கள், ஆட்டமோ அவர்கள் மதம் மாறுவதற்கு முந்தைய காலத்தது. விஜயநகர ராஜாக்களின் வெற்றியைக் கொண்டாடியது என்று சொல்லிக்கொள்கிறார்கள். கடல் கடந்து வந்த பண்டிகைக்குள் நம் தேசத்து உலக்கை எப்படிப் போய் உட்கார்ந்துகொண்டது பாருங்கள்!

நகரத்து ஊர்வலத்தைப் பற்றிக் குறையும் உண்டு. கம்பெனி விளம்பரத்துக்காகவும் உல்லாசப் பயணிகளுக்காகவும் பெண்களைக் காட்சிப் பொருளாக வண்டியில் நிறுத்துகிறார்கள் என்று 1980-களில் கோவாவின் பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. இந்தக் கூத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையும் சொல்லியிருக்கிறது. நியாயம்தானே? வாணலியும் உலக்கையும் வளர்த்த பண்டிகையில், பெண் வெறும் பொம்மையாக நிற்பதற்கா வந்தாள்?

சலவைக்காரப் பெண்கள் செய்த வேலை

நான் படித்ததிலெல்லாம் என் மனசை விட்டுப் போகாத கதை ஜெர்மனியில் நடந்தது. ரைன் நதிக்கரையில் பான் நகரத்துக்கு எதிரே பாய்ல் என்று ஓர் ஊர். ஊரே சலவைத் தொழில். பெண்கள் விடிகாலையிலிருந்து இரவு வரைக்கும் துவைத்து, அலசி, உலர்த்துவார்கள். ஆண்கள் வெளுத்த துணியைக் கட்டி எடுத்துக்கொண்டு கொலோன் நகரத்துப் பணக்கார வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொலோனில் கார்னிவல் அமர்க்களப்படும். துணி கொடுக்கப் போனவர்கள் அங்கேயே குடித்துக் கூத்தடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பெண்களோ இங்கே சோப்புத் தண்ணீரில் கை ஊறிப் போய் நின்றுகொண்டிருப்பார்கள்.

எங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று வரிசையாகத் துணி காய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

1824-ல் பாய்ல் ஊர்ப் பெண்கள் "போதும்!" என்று சொல்லிவிட்டார்கள். தங்களுக்குள் ஒரு சங்கம் சேர்த்து, சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை வேலையை நிறுத்திவிட்டுக் கூடி உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள், புருஷன்மார் செய்த அட்டகாசங்களைப் பேசிச் சிரித்தார்கள். அவ்வளவுதான்! ஆனால் அந்த நாள் இன்று வரைக்கும் நிற்கிறது. ரைன் கரையெங்கும் அந்த வியாழன் 'பெண்கள் கார்னிவல்'. பெண்கள் எதிர்ப்படும் ஆண்களின் கழுத்து டையைக் கத்தரித்து விடுகிறார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாய்லில் சலவைக்கார இளவரசி என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவள் தலைமையில் நகர மண்டபத்தின் மேல் படையெடுத்துப் பிடித்துவிடுகிறார்கள்.

யாரும் அவர்களுக்கு அந்த நாளைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு என்ன?

போர்ச்சுகீசியர் சாந்தோமிலும் இருந்தார்கள், எங்கள் சின்னமலையிலும் கோவில் கட்டினார்கள். ஆனால் இங்கே ராஜா மோமோ ஊர்வலம் வருவதில்லை. இங்கே வேர்விட்டது தவக்காலம்தான். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, வெயிலில் பரங்கிமலைப் படியேறும் ஜனங்கள், வீட்டில் எளிய சாப்பாடு. அதுவும் அழகுதான். விரதம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சஷ்டியும் ஏகாதசியும் இருந்து பழகிய வயிறு நம்முடையது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு விரதம் என்று இன்றைக்கு மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவது எந்த மதத்துக்காரர் வயிற்றுக்கும் ஆகாது!

எனக்குத் தோன்றுவது இதுதான். பண்டிகை என்றால் நமக்கு என்ன? முந்தின நாள் ஒட்டடை அடிப்பது, விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டுவது, வந்தவர்களுக்கு இலை போடுவது, கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பது. "பண்டிகை நல்லா நடந்துது" என்று எல்லோரும் சொல்லும்போது நம் இடுப்பு மட்டும் வேறு மாதிரி சொல்லும். நம் முன்னோர்கள் இதை யோசிக்காமலில்லை. காணும் பொங்கல் என்று ஒரு நாள் வைத்தார்களே, எதற்கு? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் போகத்தானே! ஆனால் அந்தக் கட்டுச்சோற்றையும் விடியற்காலையில் எழுந்து கட்டுகிறவள் யார்?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். காணும் பொங்கலன்று எனக்கும் என் மாமியாருக்கும் அடுப்படியில் வேலை கிடையாது. புளியோதரையை என் வீட்டுக்காரரும் பிள்ளையும் கிளறுவார்கள். முதல் வருஷம் உப்பு தூக்கலாக இருந்தது. மாமியார் வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் நீங்களே செய்யுங்கடா" என்றார்! எழுபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பண்டிகையில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்.

சகோதரிகளே, நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். டையைக் கத்தரிக்க வேண்டாம். கரண்டியைக் கையில் கொடுத்தால் போதும்.

கோவா வீட்டு 'ஆலே பெலே'

தேவை: மைதா 1 கப், முட்டை 1, பால் ஒன்றேகால் கப், உப்பு ஒரு சிட்டிகை, நெய் சிறிது. பூரணத்துக்கு: தேங்காய்த் துருவல் 1 கப், பொடித்த வெல்லம் அரை கப், ஏலக்காய் 3.

செய்முறை: வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, தேங்காய்த் துருவலைச் சேர்த்து ஈரம் வற்றும் வரை கிளறி, ஏலப்பொடி தூவி இறக்கவும். மைதா, முட்டை, பால், உப்பு எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடித்து அரை மணி வைக்கவும். தோசைக்கல்லில் நெய் தடவி மெல்லிசாக ஊற்றி, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி எடுக்கவும். நடுவில் இரண்டு ஸ்பூன் பூரணம் வைத்துப் பாய் மாதிரி சுருட்டவும். முட்டை சேர்க்காதவர்கள் அதை விட்டுவிட்டுப் பாலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ருசி குறையாது.

முதல் அப்பத்தை வார்ப்பது உங்கள் வீட்டுக்காரராக இருக்கட்டும்!